சுழலும் துகளும் உயிரின் சுவரும்

ஊர் ஒன்று, ஆண்டு ஒன்று, கண்டுபிடிப்போ இரண்டு!

ஹாலந்து நாட்டு லெய்டன் நகரம். 1925-ஆம் ஆண்டு. குழந்தை மருத்துவத் துறையின் ஆய்வுக்கூடத்திலே எவர்ட் கோர்ட்டர் என்பவரும் அவருடைய துணைவர் கிரெண்டலும் குருதியணுவின் மேலுறையை அளந்து கணக்கிட்டு ஏடு ஒன்றிலே வெளியிட்டனர். அதே நகரில், அதே ஆண்டில், ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இளைஞர் இருவர், எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று ஒரு சிறு குறிப்பு எழுதினர். குருதிக்கும் அணுவுக்கும் ஒட்டு ஏது, உறவு ஏது என்றுதான் அன்று எவரும் கேட்டிருப்பர். ஒட்டும் உறவும் ஏற்பட்டன. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இடையிலே ஒரு பெரும் போர். ஓர் இளைஞனின் ஏமாற்றம். பரிசு பெறாமலே மறைந்த ஒரு பேரறிஞர். அந்த வரலாற்றை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் மருத்துவரைப் பார்ப்போம். மனிதர், நாய், ஆடு, முயல் ஆகியோரின் குருதியை எடுத்து, அதிலுள்ள சிவப்பணுக்களை அசிட்டோனில் கரைத்துக் கொழுப்பைப் பிரித்தார் கோர்ட்டர். அந்தக் கொழுப்பைத் தொட்டித் தண்ணீர்மீது பரப்பினார். ஒரே மூலக்கூறு கனத்திற்கு அது விரிந்து நின்றபோது பரப்பை அளந்தார். குருதியணுக்களின் மேற்பரப்பைக் கூட்டிப் பார்த்தார். கொழுப்பு இரண்டு மடங்கு பரப்பை மூடிற்று! ஆகவே உயிரணுவின் உறை ஒற்றை அடுக்கன்று, இரட்டை அடுக்கு என்றார். முடிவு முழு உண்மை. வழியிலேதான் வேடிக்கை. கொழுப்பு முழுவதையும் அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. அது ஒரு பிழை. உலர்ந்த அணுவை அளந்ததால் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டுவிட்டார். அது மற்றொரு பிழை. பிழையைப் பிழை தின்றது, உண்மை பிழைத்தது!

இரட்டை அடுக்கு என்று தெரிந்தது. ஆனால் அந்த அடுக்கு எத்தகையது? செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவர் போன்றதா, குளத்து நீர்மேல் மிதக்கும் எண்ணெய் போன்றதா? 1935-இல் டாவ்ஸனும் டானியெல்லியும் அடுக்கின் இரு புறமும் புரதத்தைப் பூசிப் படம் வரைந்தனர். அந்தப் படம் பாடநூல்களிலே நெடுங்காலம் நிலைத்தது. படத்திலிருந்த மூலக்கூறு அசைகிறதா, அசையாது நிற்கிறதா என்று எவரும் அளந்து சொல்லவில்லை. அளக்கக் கருவி இல்லை.

கருவிக்கு வித்திட்டவர்கள் அடுத்த கட்டடத்து இளைஞர்கள் என்று சொல்லலாம். ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், அவர்களுக்கு முன்பே ஒருவன் விதையைக் கையில் வைத்திருந்தான், விதைக்கவிடாமல் தடுத்துவிட்டனர்.

ரால்ஃப் குரோனிக் என்பது அவன் பெயர். 1925 ஜனவரியில் அவனுக்கு வயது 20. ஜெர்மனியின் டியூபிங்கன் நகருக்கு வந்திருந்தபோது, எலெக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுவதாகக் கொண்டால் நிறமாலைப் புதிர்கள் பல தீர்வதைக் கண்டான். வோல்ப்காங் பௌலியிடம் சொன்னான். பௌலி, சாமர்த்தியமான எண்ணந்தான், ஆனால் இயற்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்ற கருத்துப்படப் பேசி ஒதுக்கினார். கோபன்ஹேகன் சென்றான், அங்கும் ஆதரவு இல்லை. எழுதாமல் விட்டுவிட்டான். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பௌலி நரைத்த தலையினர் அல்லர். அப்போது அவருக்கு வயது 24! வயதிலே மூத்தவர்தான் வாயை அடைப்பார் என்பதில்லை. புகழும் அடைக்கும்.

அதே எண்ணம் சில மாதங்கள் கழித்து லெய்டனில் எழுந்தது. ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் தம் ஆசிரியர் எரென்பெஸ்டிடம் குறிப்பைக் கொடுத்தனர். ஊலன்பெக் அதை எடுத்துக்கொண்டு முதுபெரும் அறிஞர் லோரென்ட்ஸிடமும் சென்று கேட்டார். லோரென்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். எலெக்ட்ரான் ஓர் உருண்டையாக இருந்து அவ்வளவு வேகத்தில் சுழன்றால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓடவேண்டும்; அது நடவாத காரியம் என்றார். இளைஞர் நடுங்கினர். கொடுத்த குறிப்பைத் திருப்பித் தாருங்கள் என்று ஆசிரியரிடம் ஓடினர். எரென்பெஸ்ட் அதை முன்னமே அச்சுக்கு அனுப்பிவிட்டிருந்தார்! நீங்கள் இளையவர்கள், ஒரு மடமை செய்வதால் கெட்டுவிடமாட்டீர்கள் என்று தேற்றி அனுப்பினார். லோரென்ட்ஸின் கணக்கு தவறன்று. எலெக்ட்ரானைப் பம்பரம் என்பது உவமைதானே தவிர உண்மையிலே சுழலும் உருண்டை அன்று. ஆனால் தற்சுழற்சி என்ற இயல்பு உண்மை. 1926-இல் தாமஸ் கணக்கிலிருந்த குறையை நீக்கினார், பௌலியும் ஏற்றுக்கொண்டார். 1945-இல் பௌலிக்கு நோபல் பரிசு கிடைத்தது, வேறொரு தத்துவத்திற்காக. லெய்டன் இளைஞருக்கு அந்தப் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை.

தற்சுழற்சியிலிருந்து கருவி எப்படிப் பிறக்கும்? விளக்கம் கடினமன்று. மின்னேற்றமும் தற்சுழற்சியும் உடைய எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். அதை வலிய காந்தத்தின் இடையே வைத்தால், அதற்கு உரிய நிலைகள் இரண்டே: ஒத்து நிற்பது, எதிர்த்து நிற்பது. நடுநிலை வகிக்க இடமில்லை! இரு நிலைக்கும் இடையே ஆற்றலில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்குச் சரியீடான அலையைச் செலுத்தினால், ஒத்து நின்றது எதிர்நிலைக்குத் தாவுகிறது. தாவும்போது அலையின் ஆற்றலில் சிறிது உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சுதலை அளப்பதே எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு முறை. பெரும்பாலான பொருள்களிலே எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து கிடக்கின்றன. ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். இணையின்றித் தனித்து நிற்கும் எலெக்ட்ரானே குரல் கொடுக்கும்.

அந்தக் குரலை முதன்முதல் கேட்டவர் யார்? வால்கா ஆற்றங்கரையில் கஸான் நகரத்துப் பல்கலைக் கழகத்திலே பணியாற்றிய எவ்கேனி ஜவோய்ஸ்கி. 1941-இலேயே அவர் அணுக்கருவின் ஒத்ததிர்வைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குறி சிலபோது தோன்றிற்று, சிலபோது மறைந்தது. அவருடைய காந்தம் சீராக இல்லை. அதற்குள் ஹிட்லரின் படை ரஷ்ய மண்ணிலே பாய்ந்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் இருந்த ஆராய்ச்சி நிலையங்கள் கஸானுக்குப் பெயர்ந்து வந்தன. ஊரெங்கும் நெருக்கடி, வேலை தடைப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது எலெக்ட்ரானைக் குறிவைத்தார். 1944-இல் கண்டார். செம்பின் உப்பு, மாங்கனீசின் உப்பு, ஐம்பது காஸ் கூட எட்டாத எளிய காந்தப்புலம், வானொலி அலை. பட்டினியும் பனியும் படையெடுப்பும் சூழ்ந்த நாட்டிலே, ஒரு மாகாணத்துப் பல்கலைக் கழகத்திலே, தன் கையால் பூட்டிய கருவியிலே கண்டார்.

தலைநகரத்து அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர். கபிட்ஸாவின் நிலையத்திலே கருவியை அமைத்துக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது, காட்டினார், வாய்கள் மூடின. 1945 ஜனவரியில் ஆய்வேட்டை நிறுவிப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டின் இறுதியை ஒட்டி அமெரிக்காவில் பர்ஸெலும் பிளாக்கும் அணுக்கருவின் ஒத்ததிர்வைக் கண்டனர். 1952-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் அதற்குத் தகுதியற்றவர் என்று சொல்லமாட்டோம். ஆனால் கஸான்காரரை அந்தப் பரிசு 1976-இல் அவர் மறையும்வரை எட்டிப் பார்க்கவில்லை. அவரோ 1947-இலேயே மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டு, அணுகுண்டுத் திட்டத்து வேலைக்கு அனுப்பப்பட்டார். தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்க, அவர் வேறு வீட்டில் இருந்தார். சோவியத் நாடு 1957-இல் லெனின் பரிசு அளித்தது. அவர் பெயரால் கஸானில் ஒரு பன்னாட்டுப் பரிசு 1991-இல் ஏற்பட்டது.

பிள்ளையை வளர்த்ததிலே போருக்கும் பங்குண்டு. பகைவர் வானூர்தியைக் கண்டுபிடிக்க ராடார் செய்தார்கள். அதற்காக நுண்ணலைக் கருவிகள் ஏராளமாய் உருவாயின. போர் ஓய்ந்ததும் அவை ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தன. 3,400 காஸ் காந்தம், நொடிக்கு 950 கோடி அதிர்வுள்ள நுண்ணலை என்ற இன்றைய வழக்கம் அந்த ராடாரின் வழிவந்த மரபுதான். அழிக்கப் பிறந்தது அளக்க வந்தது.

இனி உயிரியலுக்குள் வருவோம். லெயோனோர் மிக்கேலிஸ் என்ற அறிஞர் 1930-களிலே ஒன்று சொன்னார்: உயிருக்குள் நடக்கும் எரிப்பு, எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறது, ஆகவே இடையிலே, இணையிழந்த எலெக்ட்ரானைத் தாங்கிய மூலக்கூறுகள் தோன்றி மறையவேண்டும். பலர் ஐயுற்றனர். 1949-இல் மிக்கேலிஸ் மறைந்தார். 1954-இல் செயிண்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகத்திலே பாரி காமனரும் டௌன்ஸெண்டும் பேக்கும் உறையவைத்து உலர்த்திய இலைகளையும் விலங்குத் தசைகளையும் காந்தத்துக்குள் வைத்தனர். குரல் கேட்டது! பச்சை இலையிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும், உயிர்வேலை மிகுந்த இடங்களிலே, குரல் பெரிதாகக் கேட்டது. மிக்கேலிஸ் சொன்னது சரி. கேட்கத்தான் அவர் இல்லை. இந்தக் காமனரே பிற்காலத்தில் அணுகுண்டுச் சோதனையின் நச்சுத் தூளை எதிர்த்து நாடறியப் போராடினார். குழந்தைகளின் விழுந்த பற்களைத் திரட்டி, அவற்றிலே ஸ்ட்ரோன்ஷியம் படிந்திருப்பதைக் காட்டிய முயற்சியிலும் முன்னின்றார். ஆய்வுக்கூடக் கதவைத் தாழிட்டுக்கொள்ளாத அறிவியலாளர்!

1956-இல் இங்கிலாந்திலே இன்னொன்று நடந்தது. குருதிக்குச் சிவப்பூட்டும் ஹீமோகுளோபினின் உருவத்தைக் காண மாக்ஸ் பெருட்ஸ் ஆண்டுக்கணக்காக எக்ஸ் கதிரோடு போராடிக்கொண்டிருந்தார். அதிலே நான்கு இரும்பணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஹீம் என்ற தட்டையான தகட்டின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. தகடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? இங்க்ரம் என்பவரும் கிப்ஸன் என்பவரும் படிகத்தைக் காந்தத்துக்கு நடுவே சிறிது சிறிதாகத் திருப்பினர். தகட்டின் தளத்தின்வழி பார்த்தால் இரும்பின் குறி ஓரிடத்தில். தளத்துக்குச் செங்குத்தாகப் பார்த்தால் மூன்று மடங்கு வேறுபட்ட புலத்தில். அந்த வேறுபாட்டைக் கொண்டு சாய்வைச் சொல்லிவிட்டனர். புரதத்தின் முழு உருவம் தெரியுமுன்பே அதன் உள்ளிருக்கும் தகடுகளின் கோணம் தெரிந்துவிட்டது! கெண்ட்ரூவின் மையோகுளோபினுக்கும் இதே முறையிலே விடை கிட்டிற்று.

விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்திலே ஹெல்முட் பைனர்ட் 1960-இல் கண்ட குறி வேறு வகையானது. உயிரணுவின் அடுப்பாகிய மைட்டோகாண்ட்ரியாவைக் கடுங்குளிரிலே அளந்தபோது, 1.94 என்ற எண்ணிலே ஒரு குறி நின்றது. தெரிந்த எந்த உலோகமும் அந்த எண்ணைத் தரவில்லை. பிழையோ, அழுக்கோ என்ற ஐயங்கள் எழுந்தன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகள் அவை என்று தெளிய ஆண்டுகள் பல ஆயின. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்தக் கொத்துகளின் வழியே எலெக்ட்ரானைக் கடத்துகிறது. ஓர் எண் பொருந்தவில்லை என்று எறிந்துவிடாமல் வைத்திருந்ததால் கிடைத்த செல்வம்.

ஆனால் இவையெல்லாம் தனி எலெக்ட்ரான் இயல்பாகவே உள்ள இடங்கள். உயிரணுவின் உறையிலே அது இல்லையே! கொழுப்பு மூலக்கூறு ஊமை. லெய்டனின் இரு கண்டுபிடிப்புகளும் இன்னும் சந்திக்கவில்லை.

ஊமைக்கு நாக்கு ஒட்டவைத்தவர் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து ஹார்டன் மெக்கானல். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒருவகைக் கூட்டுப்பொருளிலே தனி எலெக்ட்ரான் ஒன்று அழியாமல் நிற்கும். அருகே மெத்தில் தொகுதிகள் நான்கு காவல் காக்கும். அந்த எலெக்ட்ரானைத் தொடாமலே மூலக்கூறின் மற்றப் பகுதிகளில் வேதிவினை செய்யலாம் என்பதை மாஸ்கோவிலே ரோஸன்ட்சேவ் முதலியோர் 1962-இல் காட்டியிருந்தனர். 1965-இல் மெக்கானலும் அவருடைய துணைவரும் அதைப் புரதத்தோடு ஒட்டினர். சுழற்சி அடையாளம் என்று பெயர். குருவியின் காலிலே மணி கட்டிவிட்டது போல! மணி ஒலிக்கும் விதத்திலிருந்து குருவி பறக்கிறதா, கூட்டில் உறங்குகிறதா என்று அறியலாம். அடையாளம் துள்ளி ஓடினால் அலைவரைவிலே கூரிய மூன்று கோடுகள். தளர்ந்தால் கோடுகள் பருக்கும். கட்டுண்டு கிடந்தால் விரிந்து கலங்கும். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்து அசைவையும் அது காட்டிக்கொடுத்தது.

வேய்ன் ஹப்பெல் என்ற மாணவர் மெக்கானலோடு சேர்ந்து, 1968 முதல் 1971 வரை, கொழுப்பு மூலக்கூறின் வாலிலே வெவ்வேறு இடங்களில் இந்த மணியைக் கட்டினார். தலைக்கு அருகே கட்டியபோது அசைவு குறைவு. வால்நுனியை நெருங்க நெருங்க ஆட்டம் மிகுந்தது. சுவர் என்று நினைத்தது சுவரன்று, உள்ளே நீர்மம்!

மற்றொரு மாணவர் ரோஜர் கோர்ன்பெர்க். மூலக்கூறு ஓர் அடுக்கிலிருந்து எதிர் அடுக்குக்குக் குட்டிக்கரணம் போடுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. இதற்கு விடை கண்ட வழி மிக அழகானது; சற்று விரித்தே சொல்கிறேன். கொழுப்பாலான நுண்ணிய குமிழிகளைச் செய்தார். அவற்றின் இரு அடுக்கிலும் அடையாளமிட்ட மூலக்கூறுகள். வெளியே அஸ்கார்பிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தார். நம் ஊர் நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் வைட்டமின் ‘சி’ தான்! அது தனி எலெக்ட்ரானை அவித்துவிடும். ஆனால் குளிரிலே குமிழிக்குள் நுழையாது. வெளி அடுக்கின் குரல் அடங்கிற்று. உள் அடுக்கு மட்டும் பேசிற்று. பிறகு அந்த உப்பை நீக்கி, 30 பாகைச் சூட்டில் காத்திருந்தார். உள்ளிருந்தவை வெளியே புரண்டு வந்திருந்தால், மீண்டும் உப்பைச் சேர்க்கும்போது அவை அவியும். எத்தனை அவிந்தன என்று நேரத்துக்கு நேரம் எண்ணினார். பாதி வித்தியாசம் தீர ஆறரை மணி நேரம் ஆயிற்று! அதே 1971-இல், அதே அடுக்குக்குள் பக்கவாட்டில் மூலக்கூறுகள் மிக விரைவாக இடம் மாறுவதையும் அவரும் மெக்கானலும் காட்டினர். அண்டை மூலக்கூறோடு நொடிக்கு ஒரு கோடி தடவை இடம் மாற்றிக்கொள்கிறது என்பது பின்னர் நிலைபெற்ற அளவு. ஒரு நொடியில் ஒரு பாக்டீரியாவின் நீளத்தை ஓடிக் கடக்கும் அது, எதிர்வீட்டுக்குப் போக அரைநாள் யோசிக்கிறது! இந்த மாணவருக்கு 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபுச் செய்தி படியெடுக்கப்படும் முறையைக் கண்டதற்காக. அவருடைய இந்த இளமைக்கால ஆய்வு அதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று என்பது என் எண்ணம்.

1972-இல் சிங்கரும் நிக்கல்ஸனும் உயிரணு உறையை நீர்மப் பரப்பிலே புரதங்கள் மிதக்கும் சித்திரமாக வரைந்தபோது, இந்த அளவுகளும் அதற்குத் துணைநின்றன. பழைய பூச்சுச் சுவர் பாடநூலிலிருந்து இறங்கிற்று.

எல்லாம் எளிதாய் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1973-இல் ஓரிகன் மாகாணத்து ஜாஸ்ட்டும் கிரிபித்தும், புரதத்தை ஒட்டிய கொழுப்பு அசையாது கட்டுண்டு கிடக்கிறது என்று சொல்ல, அணுக்கரு ஒத்ததிர்வு முறையினர் அப்படி ஒரு தனிக் கூட்டமே தெரியவில்லை என்று மறுத்தனர். சச்சரவு நீண்டது. அடையாளம் என்ற அயற்பொருளே மூலக்கூறைக் கெடுத்துவிடுகிறது என்ற குறையும் கூறப்பட்டது; அந்தக் குறை முற்றிலும் பொய்யுமன்று. இறுதியில் இரு சாராரும் மெய்யே சொன்னது புலனாயிற்று. புரதத்தைத் தொட்டு நிற்கும் கொழுப்பு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி தடவை இடம் மாறுகிறது. வேகமாகப் பார்க்கும் கண்ணுக்கு அது நிற்பதுபோல் தெரியும். மெதுவாகப் பார்க்கும் கண்ணுக்குக் கலந்துபோகும். நாழிகை வட்டில்கள் வேறு!

கோர்ன்பெர்க்கின் ஆறரை மணிக்கும் ஒரு பின்கதை உண்டு. அது வெறும் கொழுப்புக் குமிழியின் கணக்கு. 1984-இல் பாரிஸிலே செஞ்ஞெரேயும், முன்பு மெக்கானலிடம் பணியாற்றிய பிலிப் தெவோவும், மனிதக் குருதியணுவிலே அதே வகை அடையாளத்தையும் அதே அவிக்கும் உத்தியையும் கையாண்டனர். சில கொழுப்புகள் மட்டும் விரைந்து உட்புறம் கொண்டுசெல்லப்பட்டன. அதற்கு உயிரணு ஆற்றலைச் செலவிட்டது. தூக்கிச் செல்லும் புரதம் ஒன்று உண்டு என்று தெரிந்தது. ஏன் தூக்கவேண்டும்? அந்தக் கொழுப்பு வெளிப்புறத்தில் தலைகாட்டினால், சாகும் அணு இது என்று கருதித் துப்புரவு அணுக்கள் விழுங்கிவிடும். உட்புறத்தில் அடக்கி வைத்திருப்பதே உயிரோடிருப்பதன் அடையாளம்.

ஹப்பெல் பிற்பாடு லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்திலே வேறு வழி வகுத்தார். புரதச் சங்கிலியில் தாம் விரும்பிய இடத்தில் சிஸ்டீன் என்ற கண்ணியை மரபுப்பொறி மாற்றத்தால் நுழைத்து, அதிலே மணியைக் கட்டுவது. 1989 தொடங்கி இம்முறை வளர்ந்தது. அதற்குக் கைகொடுத்தவர் ஹர் கோவிந்த் கொரானா.

கொரானாவைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற சிற்றூர். நூறு பேர் வாழ்ந்த ஊர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறத்தாழ அவருடையது ஒன்றே. தந்தை ஊர் நிலவரிக் கணக்கர். முதற்பாடம் மரத்தடியில். லிவர்பூலில் பட்டம் பெற்று, 1949-இல் நாடு திரும்பியபோது, விடுதலை பெற்ற இந்தியாவிலே அந்த அறிஞருக்கு ஒரு வேலை இல்லை! மீண்டும் கடல் கடந்தார். இங்கிலாந்து, பிறகு கனடா, பிறகு அமெரிக்கா. 1968-இல் நோபல் பரிசு பெற்றபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட நமக்கு எவ்வளவு உரிமை இருந்தது என்பதைப் படிப்பவர் எண்ணிக்கொள்ளட்டும்.

அந்தக் கொரானாவும் ஹப்பெலும் பிறரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணிலே ஒளி பட்டதும் நடப்பது என்ன என்பதைப் பற்றியது. விழித்திரையின் ரோடாப்ஸின் என்ற புரதம், உறையை ஊடுருவி நிற்கும் ஏழு சுருள்தூண்களால் ஆனது. மூன்றாம் தூணிலே ஒரு மணி, ஆறாம் தூணின் வெவ்வேறு இடங்களிலே ஒவ்வொரு மணி என்று மாற்றி மாற்றிக் கட்டினர். இருளிலே அளந்தனர், ஒளியிலே அளந்தனர். ஒளி பட்டதும் ஆறாம் தூணின் உட்புற முனை விலகிற்று. அத்தோடு விடவில்லை. அந்த இரு தூண்களையும் கந்தகப் பிணைப்பால் கட்டிப் போட்டுப் பார்த்தனர்; ஒளி பட்டது, ஆனால் செய்தி அடுத்த புரதத்துக்குச் செல்லவில்லை. தூண் விலகினால்தான் பார்வை! நோவோசிபிர்ஸ்க் நகரத்து ரஷ்யர்கள் 1981-இல் வகுத்த துடிப்பு முறையைக் கொண்டு, 2008-இல் ஹப்பெல் குழுவினர் அந்த விலகலை அளந்தனர்: 5 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரின் இரண்டு கோடியில் ஒரு பங்கு. இதயத் துடிப்பு, மணம், மன நிலை ஆகியவற்றின் செய்திகளை ஏற்கும் பல நூறு புரதங்கள் இதே ஏழு தூண் குடும்பத்தவை; இன்று விற்கும் மருந்துகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டுபவையே.

கொரானா 2011-இல் மறைந்தார். மெக்கானல் 2014-இல். ராய்ப்பூரின் மரத்தடியிலிருந்து புறப்பட்டவரும், கஸானின் போர்க்கால அறையிலே செம்பு உப்பை அளந்தவரும், நேரில் சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆறாம் தூணின் முனையிலே கட்டிய அந்த ஒற்றை எலெக்ட்ரானிலே சந்தித்தனர்.